அடிபட்ட மாதங்களின் கணக்கு

பேராசிரியர்களே, பயிற்சியாளர்களே, ஆட்டச் சீருடையிலேயே வந்து அமர்ந்திருக்கும் மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

கையால் பந்தை எறிந்து கோல் அடிக்கும் ஹேண்ட்பாலைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கோப்பைகளைப் பட்டியலிட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தத் தொழில் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது, அவர் அடிக்கும் கோல்களைக் காட்டிலும், அடிபட்டுக் கிடக்கும் மாதங்களில் அவருடைய சம்பளத்தையும் சிகிச்சைச் செலவையும் யார் ஏற்கிறார்கள் என்பதே என்று நான் கருதுகிறேன்.

ஆட்டத்தின் விதிகளிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. பந்தைப் பிடித்தவர் மூன்று அடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது. மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே ஓடிவரும் வேகத்தில் ஒற்றைக் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தடுப்பவரின் கைகளுக்கு மேலே எழும்பி எறிய வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடியின் பாரம் முழுவதும் ஊன்றிய முழங்காலிலும் எறியும் தோளிலும் இறங்குகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும் வாய்ப்பு, ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு களம் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதம், சில வேளை அதற்கும் மேலே ஆகிறது.

ருமேனியாவின் கிறிஸ்டினா நியாகுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை என்ற விருதைப் பெற்றபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அடுத்த விருது 2015-க்கு உரியது. இடைப்பட்ட காலத்தில் தோள் காயமும் முழங்கால் காயமும் அவரை நெடுநாள் வெளியே உட்கார வைத்தன. 2016-லும் விருது வந்தது. 2018 டிசம்பரில், ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருக்கையில், மீண்டும் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த ஆண்டுக்கான விருது, நான்காவது முறையாக, அவருக்கே கிடைத்தது. அதன்பிறகும் அவர் ஆட வந்தார். இதை வெறும் மனவுறுதி என்று புகழ்ந்துவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. மனவுறுதி நம் பிள்ளைகளிடமும் உண்டு; தினமும் உடன் நின்று காலை மடக்கவும் நீட்டவும் பழக்கும் இயன்முறை மருத்துவர்தான் இல்லை.

கோல்கீப்பரின் கணக்கு சற்றே வேறு. நார்வேயின் கத்ரினே லுண்டே 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பின், 2024-இல் பாரிஸிலும் தங்கம் வென்றார்; அப்போது அவருக்கு வயது 44. அவர் ஆடி, 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற வைப்பர்ஸ் கிளப்போ, 2025 ஜனவரியில் திவாலானது. கோப்பை நிறைந்த அலமாரி சம்பளத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியப் பெண்கள் 2022-இல் கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஆசிய ஜூனியர் பட்டத்தை வென்றவர்கள், திறமைக்குக் குறைவில்லை. ஆனால் சென்னையில் ஒரு பெண்ணுக்கு ஹேண்ட்பால் என்பது பெரும்பாலும் பள்ளி மண்டலப் போட்டியில் தொடங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டாகி, இறுதியாண்டுத் தேர்வோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ரயில்வே, காவல்துறை, அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு ஆகியவையே நம்பிக்கை. அவை நல்ல ஏற்பாடுகள், மறுக்கவில்லை. ஆயினும் அவை எல்லாம் சான்றிதழ் கையில் இருப்பவருக்கு உரியவை. சான்றிதழுக்கு முன்பே, சிமெண்ட் தரையில் பாய்ந்து விழுந்து முழங்கால் வீங்கிய பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அவற்றில் இடமில்லை. அவளுக்கு முதலில் வேண்டியது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அந்தச் செலவை வீட்டில் கேட்கத் தயங்கியே வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறாள்.

எனவே நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டு அணித் தேர்வுக்கு விண்ணப்பம் அச்சிடும்போது, பெற்றோர் கையொப்பமிடும் பொறுப்பேற்பு வாசகத்துக்குக் கீழே, காயமடைந்தால் ஸ்கேனுக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் கல்லூரி எவ்வளவு தரும் என்பதையும் தொகையோடு அச்சிடுங்கள்.