நடந்து வந்து சேரும் நரம்பு செல்கள்

நேயர்களுக்கு வணக்கம். மூளையின் மேற்பரப்பில் இருக்கும் நரம்பு செல்கள் எதுவும் அங்கே பிறந்தவை அல்ல. கருவின் மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் உண்டு. பிறப்பு, அவற்றின் சுவரோரத்தில். அங்கிருந்து வெளிப்பக்கம் வந்து சேர வேண்டும்.

வயிற்றுக்குள் நடக்கிற இந்தப் பயணம் எப்படித் தெரிந்தது? 1961-இல் ஏஞ்செவைன், சிட்மன் என்ற இரு அமெரிக்கர்கள் சினை எலிக்குக் கதிரியக்கம் ஏற்றிய தைமிடினைச் செலுத்தினார்கள். தைமிடின் என்பது டி.என்.ஏ.வைக் கட்டப் பயன்படும் ஒரு மூலப்பொருள். அந்த நேரத்தில் பிரியத் தயாராகும் செல்கள் மட்டும் அந்த அடையாளத்தை வாங்கிக்கொள்ளும். குட்டி வளர்ந்தபின் பார்த்தால், முதலில் பிறந்தவை ஆழத்தில் இருந்தன. பிந்திப் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலே போயிருந்தன. சரி, எதைப் பிடித்துக்கொண்டு போகின்றன? 1972-இல் பாஸ்கோ ராகிச், குரங்குக் கருவின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விடை சொன்னார். நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளையா செல்களின் நீண்ட இழைகளை ஒட்டியபடி இளம் நரம்பு செல்கள் நின்றன. இரண்டுமே உயிரற்ற திசுவில் கிடைத்த சாட்சியம் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது உயிரோடே பார்க்கலாம். எலிக் கருவின் மூளையிலிருந்து கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சீவல் எடுத்து, உடல் சூட்டில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுப்போம். செல்லுக்குள் ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதம் இருக்கும். மணிக்குச் சுமார் 10 மைக்ரான் வேகம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நேரில் பார்த்தால் எதுவுமே நகராது. படங்களைச் சேர்த்து ஓட்டினால்தான் தெரியும். அதுவும் ஒரே சீராகப் போகாது. தென்னை ஏறுகிறவர் கையை மேலே போட்டு, அப்புறம் உடம்பை இழுப்பார் அல்லவா? அப்படித்தான். முன்முனை நீளும், உட்கரு பின்தங்கும், பிறகு வெடுக்கென்று மேலே வரும்.

அந்த இழுப்புக்கு டைனீன் என்ற மோட்டார் புரதம் வேண்டும். அதற்குத் துணை நிற்பது லிஸ்1 புரதம். அதன் மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே பல செல்கள் பாதி வழியில் நின்றுவிடும். மூளையில் மடிப்புகள் சரியாக விழாது. குழந்தைக்கு வலிப்பு வரும், வளர்ச்சி பின்தங்கும்.

லிஸ்1 பழுது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாக நேர்வது. மாசமாக இருந்தபோது அதைச் சாப்பிட்டாள், இதைத் தூக்கினாள் என்று தாயைக் குறை சொல்பவர்களுக்கு இந்த மரபணுவில் எந்த ஆதாரமும் கிடையாது.