அரை மைக்ரான் சுவர்

[கறுப்புத் திரை. மூச்சு உள்ளே போகும் சத்தம் மட்டும்.]

மூச்சு என்றாலே காற்றைப் பற்றித்தான் பேசுவோம். மூக்கு, மூச்சுக்குழாய், அப்புறம் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள், அத்தோடு படம் முடிந்துவிடும். சரி, காற்று அங்கே வந்து நிற்கிறது, அதை வாங்கிக்கொண்டு போக யார் வருவது?

[ஒரே ஒரு நுண்ணறை. சுற்றிலும் சிவப்பு வலை.]

இந்த வலைதான் தந்துகிகள், அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய்கள். 1661இல் இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் தமனிக்கும் சிரைக்கும் நடுவே இப்படி ஒன்று இருப்பதே கண்ணில் பட்டது. நுண்ணறையை இவை அவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருப்பதால், ரத்தம் குழாயில் ஓடுகிற மாதிரியே இருக்காது, மெல்லிய படலமாக அதைப் போர்த்திக்கொண்டு நகர்கிற மாதிரி இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்தத் தந்துகிகள் அத்தனையிலும் சேர்த்தே சுமார் 70 மில்லி ரத்தம்தான்.

[நெருக்கத்தில்: ஒரு சிவப்பணு.]

தந்துகியின் அகலமும் இதன் அகலமும் ஏறக்குறைய ஒன்று. சில இடங்களில் மடங்கி நெளிந்துதான் போக வேண்டும், அப்படி உரசிக்கொண்டு போவதும் நல்லதுக்குத்தான், ஏனென்றால் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கிற சுவர் சுமார் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை 2,000 பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு. ஆக்சிஜன் உள்ளே, கார்பன் டை ஆக்சைடு வெளியே. யாரும் தள்ளிவிட வேண்டாம், எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் தானாகப் போய்விடும். சிவப்பணு தந்துகிக்குள் இருப்பது முக்கால் நொடி, ஆக்சிஜன் நிரம்பக் கால் நொடியே போதும். மிச்ச அரை நொடி எதற்கு? ஓடும்போது ரத்தம் வேகமாகப் பாயுமே, அதற்கு. அப்போது, அதுவரை மூடிக்கிடந்த தந்துகிகளும் திறந்துகொள்ளும்.

இவ்வளவு மெல்லிய சுவர் கசியாதா? அழுத்தம் ஏறினால் கசியும். அதனால்தான், கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது 120 என்று வருகிற அந்த மேல் எண், நுரையீரல் தமனியில் 25 பக்கம்தான்.

[பனிமலை.]

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பில் மற்ற இடங்களில் ரத்தநாளம் விரியும், நுரையீரலில் மட்டும் சுருங்கும். காற்று வராத நுண்ணறைக்கு ரத்தம் அனுப்பி என்ன பயன், நன்றாக வேலை செய்கிற பக்கம் திருப்பிவிடலாம் என்கிற கணக்கு. ஆனால் உயரமான மலையில் நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு. எல்லாப் பக்கமும் ஒரேயடியாகச் சுருங்க, அழுத்தம் ஏறி, சிலருக்குத் தந்துகி கசிந்து நுண்ணறையில் நீர் கோத்துக்கொள்ளும். அப்படி ஆனால் ஆக்சிஜன் கொடுத்து, தாமதிக்காமல் ஆளைக் கீழே இறக்க வேண்டும்.