தோனி அவுட் ஆனா சர்வருக்கு என்ன ஆகும்? பேக்எண்ட் ஆள் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

[திரையில்: ஏறிக்கிட்டே போகும் ஒரு கோடு]

2019 ஜூலை 10. மான்செஸ்டர்ல உலகக் கோப்பை அரையிறுதி. ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல சுமார் 2.5 கோடி பேர். நியூசிலாந்து வீரர் கப்டில் எறிஞ்ச பந்து நேரா ஸ்டம்ப்ல படுது, தோனி ரன் அவுட்.

[கோடு சடாருன்னு கீழே இறங்குது]

கூட்டம் கலைஞ்சுடுச்சே, இனி சர்வருக்கு ஓய்வுதானேன்னு தோணும். அங்கதான் சிக்கலே. மேட்ச் எல்லாருக்கும் ஒரே காட்சி. அதை சிடிஎன் சர்வர்கள், அதாவது பல ஊர்கள்ல பரவியிருக்குற சர்வர்கள், நகலெடுத்துக் கொடுத்துடும். ஆனா கடுப்பானவர் ஆப்பை மூடுறதில்ல, பேக் பட்டனைத் தட்டுறார். ஹோம் பேஜ் திறக்குது. அது ஆளுக்கு ஆள் வேற: பாதியில விட்ட சீரியல், பரிந்துரைக்கிற படம், சந்தா நிலவரம். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ஏபிஐ (ஆப் சர்வர்கிட்ட தகவல் கேட்குற வழி), ஒரு டேட்டாபேஸ். கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்துல அதைக் கேட்டா?

பெரிய தளத்துக்கு பேக்எண்ட் டெவலப்பர், அதாவது பின்னாடி ஓடுற சர்வர், டேட்டாபேஸைப் பார்த்துக்குறவர் எடுக்குறீங்களா? இன்டர்வியூல இதையே கேளுங்க. லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடச் சொல்ற வழக்கமான கோடிங் கேள்வியில எனக்குப் பெரிசா நம்பிக்கை இல்ல. மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க.

"ஆட்டோ ஸ்கேலிங் போட்டுடலாம் சார்"னு (கூட்டத்துக்கு ஏத்த மாதிரி சர்வரைத் தானா கூட்டிக் குறைக்குறது) சட்டுன்னு சொன்னா, புது சர்வர் எழுந்து தயாராக எவ்வளவு நேரம்னு கேளுங்க. அதுக்கு நிமிஷக்கணக்கு ஆகும். விக்கெட் விழ ஒரு நொடி போதும். அதனாலதான் ஹாட்ஸ்டார் கூட்டத்தைக் கணிச்சு முன்னாடியே சர்வர்களை ஏத்தி வெச்சது.

அடுத்து, "தாங்கலைன்னா எதை அணைப்பீங்க?" இதுக்கு வர்ற பதில்லதான் ஆளோட தரம் தெரியும். பரிந்துரையை நிறுத்திட்டு எல்லாருக்கும் ஒரே ஹோம் பேஜ் காட்டுவேன், வீடியோவையும் பேமெண்ட்டையும் மட்டும் தொடமாட்டேன்னு சொல்றவர் விஷயம் தெரிஞ்சவர். ஹாட்ஸ்டார்லயும் இப்படி ஒரு 'பேனிக் மோட்' இருந்தது. "அணைக்க வேண்டியதே இல்ல, நம்ம சிஸ்டம் தாங்கும்"னா, கொஞ்சம் யோசிங்க.

இன்னொண்ணு: பதில் வரலைன்னா ஆப் என்ன பண்ணும்? உடனே மறுபடி கேட்டா, திணறிக்கிட்டு இருக்குற சர்வரை அதுவே சாய்ச்சுடும். ஒவ்வொரு தடவையும் காத்திருக்குற நேரத்தைக் கூட்டணும். எல்லா போனும் ஒரே நொடியில கேட்காதபடி அதைக் கொஞ்சம் கலைச்சும் விடணும். கேட்காமலே இதைச் சொன்னா சம்பளத்தைப் பேச ஆரம்பிச்சுடலாம்.

கோடிப் பேர் கூட்டத்தைப் பார்த்தவர் நம்ம ஊர்ல ரொம்பக் கொஞ்சம். அந்த அனுபவம் இல்லைன்னு யாரையும் ஒதுக்காதீங்க. ஆயிரம் பேர் வர்ற தளத்துல மெதுவா ஓடின ஒரு க்வெரியை (டேட்டாபேஸ்கிட்ட கேட்குற கேள்வி) பிடிச்சுச் சரிபண்ணி, முன்னாடி எத்தனை மில்லிசெகண்ட், பின்னாடி எத்தனைன்னு கணக்கோட சொல்றவரா? அடுத்த ரவுண்டுக்கு அனுப்புங்க.