ரான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு போகிறாள். ஹாரி பாட்டர் படங்கள் எட்டையும் வரிசையாகப் பார்த்து முடித்தவள், புத்தகத்தை மட்டும் தொட்டதில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “மாமா, ஹாரி சண்டை போடறான், ஹெர்மயனி எல்லாத்தையும் கண்டுபிடிக்கறா. இந்த ரான் எதுக்கு மாமா கூடவே வர்றான்? சாப்பிடறதுக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. சொந்தக்காரப் பையனை யாரோ பந்தியில் வைத்துக் கேலி செய்தது மாதிரி. அவளிடம் சண்டைக்குப் போக முடியவில்லை. அவள் பார்த்த படங்களில் ரான் அப்படித்தான் இருக்கிறான்.

படத்தைத் திட்ட ரசிகர்கள் நாலு பேர் கூடினால் முதலில் வருவது அந்த நெருப்புக் கோப்பை காட்சிதான். இங்கேயும் சிரிப்புச் சத்தம் கேட்கிறதே! நாலாம் புத்தகத்தில், போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற மந்திரக் கோப்பையிலிருந்து ஹாரியின் பெயர் வெளியே வந்து விழுகிறது. “உன் பெயரை நீயா போட்டாய்?” என்று பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அமைதியாகக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. அமைதியாக! 2005இல் வந்த படத்தில் டம்பிள்டோராக நடித்த மைக்கேல் காம்பன் ஓடி வந்து பையனைப் பிடித்து உலுக்கிவிடுகிறார். அடுத்தது கண். ஹாரிக்கு அம்மாவின் பச்சைக் கண் என்று ஏழு புத்தகமும் சொல்கிறது. ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃபுக்கு நீலக் கண், காண்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, விட்டுவிடலாம். ஆனால் கடைசிப் படத்தில் “உனக்கு உன் அம்மாவின் கண்” என்று ஆசிரியர் ஸ்னேப் உயிரை விடும்போது சொல்கிறார்; அதே படத்தில் காட்டும் சின்ன வயது அம்மாவுக்கோ பழுப்புக் கண்! இதையெல்லாம் பேசிச் சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். இவை அந்தந்தக் காட்சியோடு முடிந்துபோகிற குறைகள்.

வெட்டினார்கள் என்று அழுவதிலும் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், படம் 152 நிமிடம். ஐந்தாம் புத்தகம் 766 பக்கம், படம் 138 நிமிடம். புத்தகம் மூன்று மடங்குக்கு மேல் பெருத்தபோது படம் சுருங்கியிருக்கிறது. கத்தரி போடாமல் வேறு என்ன செய்வது? பீவ்ஸ் என்ற குறும்புப் பேயாக ரிக் மாயல் நடித்துப் படமும் எடுத்துவிட்டு, அப்புறம் மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். போகட்டும். இல்லாத ஒருவனைப் புத்தகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

என் வழக்கு வேறு. ஒருவன் வாயிலிருந்த பேச்சை எடுத்து இன்னொருவர் வாயில் வைத்தால், அந்த ஆளே மாறிப்போகிறான்.

அக்கா மகளை உட்காரவைத்து மூன்றாம் புத்தகத்தில் ஒரு வகுப்பறையைப் படித்துக் காட்டினேன். ரகசியமாக ஓநாய் மனிதராக இருக்கும் ஆசிரியர் லூப்பின், பௌர்ணமி நெருக்கம் என்பதால் வரவில்லை, பதிலுக்கு ஸ்னேப் வருகிறார். 394ஆம் பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார். அந்தப் பக்க எண் படம் பார்த்த எல்லோருக்கும் மனப்பாடம். பாடம் ஓநாய் மனிதர்களைப் பற்றி. அவர் கேள்வி கேட்கிறார், ஹெர்மயனி மட்டும் கை தூக்குகிறாள். அவர் கண்டுகொள்ளவில்லை. அவளாகவே பதில் சொல்லிவிடுகிறாள். உடனே, தாங்க முடியாத அதிகப்பிரசங்கி என்று வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டுகிறார். அவள் முகம் சிவந்து, தலை குனிந்து, கண்ணில் நீர் முட்டுகிறது.

இந்த இடத்தில் கதாசிரியர் ரௌலிங் ஒரு வேலை செய்திருக்கிறார். அந்த வகுப்பில் எல்லோருமே அவளை ஒருமுறையாவது அப்படிச் சொன்னவர்கள்தான். ரானோ வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவளை அதிகப்பிரசங்கி என்பவன். அந்த ரான்தான் சத்தமாகச் சொல்கிறான்: நீங்கள் கேள்வி கேட்டீர்கள், அவளுக்குப் பதில் தெரிகிறது, பதில் வேண்டாம் என்றால் எதற்குக் கேட்டீர்கள்? வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. தண்டனையாக, மருத்துவப் பிரிவில் நோயாளிகளின் மலத்தட்டுகளை மந்திரம் போடாமல் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானே? தங்கச்சியை நாள் முழுக்க வம்பிழுப்பான். தெருவில் வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், சட்டையைப் பிடித்துவிடுவான். ரான் யார் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

2004இல் வந்த படத்திலும் ஸ்னேப் அதையேதான் சொல்கிறார். ரான் அவள் பக்கம் திரும்பி, “அவர் சொல்றதும் சரிதானே” என்கிறான். தியேட்டரில் சிரிப்பு வருகிறது.

அதே புத்தகத்தில் அந்தப் பாழடைந்த வீடு. கறுப்பு நாய் இழுத்துக்கொண்டு வந்ததில் ரானுக்குக் கால் ஒடிந்திருக்கிறது. எதிரே சிரியஸ் பிளாக். கொலைகாரன் என்று ஊரே நம்பும் ஆள். ரான் அந்தக் காலோடு எழுந்து நிற்கிறான். நின்றதிலேயே முகம் இன்னும் வெளுத்துப்போகிறது. ஹாரியைக் கொல்வதென்றால் எங்களையும் கொல்ல வேண்டியிருக்கும் என்கிறான். பிளாக் அவனைப் பார்த்து, படுத்துக்கொள், காலை இன்னும் கெடுத்துக்கொள்வாய் என்று மெதுவாகச் சொல்கிறார். கொலைகாரன் பேசுகிற பேச்சா அது? கதை திரும்பப்போகிறது என்பதற்கு அங்கேயே ஒரு சின்ன அடையாளம் கிடைத்துவிடுகிறது. படத்தில் அந்த வசனத்தைச் சொல்வது ஹெர்மயனி. ரான் காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான்.

ஆரம்பம் முதலே இந்தக் கைமாற்றல் நடக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் ஹாரியின் பள்ளி எதிரி மால்ஃபாய் ஹெர்மயனியை ‘மட்பிளட்’ என்கிறான்; மந்திரம் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர்களை ‘அழுக்கு ரத்தம்’ என்று இழிவுபடுத்தும் சொல். அது எவ்வளவு கேவலமான வசை என்று அவளுக்கே தெரியாது. மந்திரம் தெரியாத பல் மருத்துவர்கள் வீட்டில் வளர்ந்த பெண். ஹாரிக்கும் தெரியாது. தெரிந்தவன் மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்த ரான். அவனோ தன் மந்திரம் தன் மேலேயே திரும்பியதில், ஓடில்லாத நத்தைகளை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த வாந்திக்கு நடுவிலேயே அர்த்தம் சொல்கிறான். அந்த உலகத்தின் அழுக்கு எது என்று உள்ளே பிறந்தவனுக்குத்தான் தெரியும். படத்தில் ஹெர்மயனியே கண் கலங்கி அர்த்தம் சொல்லிவிடுகிறாள். ரானுக்கு மிஞ்சியது வாந்தி மட்டும்.

இதில் ஹெர்மயனிக்கு லாபம் என்று நினைக்காதீர்கள், அவளுக்கும் நஷ்டம்தான். முதல் புத்தகத்தில் ஒரு கொடி ஹாரியையும் ரானையும் சுற்றி நெரிக்கிறது, ஹெர்மயனி மட்டும் விடுபட்டு நிற்கிறாள். நெருப்பு வேண்டும் என்று அவளுக்கு நினைவு வருகிறது. ஆனால் பதற்றத்தில், விறகு இல்லையே என்று கையைப் பிசைகிறாள்! உனக்குப் பைத்தியமா, நீ சூனியக்காரிதானே என்று ரான் கத்திய பிறகுதான் மந்திரக்கோல் ஞாபகம் வருகிறது. பாடமெல்லாம் தெரியும், பயத்தில் மறந்துபோகும். பரீட்சை எழுதிய நமக்கெல்லாம் தெரிந்த பெண் அவள். படத்தில் அவள் அலட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் முடிக்கிறாள், கத்துகிறவன் ரான்.

ஏன் இப்படி ஆனது? எட்டில் ஏழு படத்துக்குத் திரைக்கதை ஸ்டீவ் குளோவ்ஸ். தனக்கு மிகவும் பிடித்தவள் ஹெர்மயனி என்று அவர் வெளிப்படையாகவே சொன்னவர். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தொழில் நெருக்கடி. படத்தில் யாராவது ஒருவர் விஷயத்தை விளக்கியாக வேண்டும். புத்தகப் புழுவிடம் கொடுத்துவிட்டால் சுலபம். ரானாக நடித்த ரூபர்ட் கிரின்டோ முகத்தைக் கோணினாலே கூட்டம் சிரிக்கிற நடிகர். பிறகு அவனுக்கு எதற்கு வசனம்? அதோடு, 2000ஆம் ஆண்டில் முதல் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியபோது நான்கு புத்தகங்கள்தான் வெளிவந்திருந்தன. எது பின்னால் தேவைப்படும் என்று திரைக்கதை எழுதுகிறவருக்கே தெரியாது. ஐந்தாம் படத்தில் கிரீச்சர் என்ற, வீட்டு வேலை செய்யும் குட்டிப் பூதத்தைத் தூக்கிவிடப் பார்த்தார்கள். வேண்டாம், பின்னால் தேவைப்படுவான் என்று ரௌலிங் சொன்னதால் தப்பினான். ரானின் நல்ல குணத்துக்கு அப்படிச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை.

கிரீச்சர் மாதிரியே இன்னொரு வேலைக்காரக் குட்டிப் பூதமான டாபிக்கும் இதே கதிதான். 2002க்குப் பிறகு அவன் 2010இல்தான் திரும்ப வருகிறான், வந்த வேகத்தில் செத்துப்போகிறான். நடுவில் நாலாம் புத்தகத்தில் நீருக்கடியில் மூச்சுவிட ஹாரிக்குச் செடி கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். படத்தில் வகுப்புத் தோழன் நெவில் கொடுக்கிறான். நெவிலுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் எட்டு வருஷம் காணாமல் போன ஒருவனுக்காக தியேட்டரில் அழுதார்கள் என்றால், நடுவிலும் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

மாற்றங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஏழாம் கதையில் பெற்றோரின் நினைவிலிருந்து ஹெர்மயனி தன்னை அழித்துவிடுவது புத்தகத்தில் இரண்டு வரிப் பேச்சு. படத்தில் சுவரில் மாட்டிய போட்டோக்களிலிருந்து அவள் ஒவ்வொன்றாக மறைகிறாள். புத்தகத்தைவிடப் படம் ஜெயித்த இடம் அது. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் கசப்போடு: எட்டில் சினிமாவாக எனக்கு மிகவும் பிடித்தது அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த மூன்றாவது படம்தான். ரானுக்கு அதிக அநியாயம் நடந்ததும் அதில்தான்.

அந்த அநியாயத்தின் வட்டி ஏழாம் கதையில் வந்து சேர்கிறது. கூடாரத்தில் சண்டை போட்டுக்கொண்டு ரான் நண்பர்களை விட்டுப் போகிறான். படித்தவர்களுக்கு அது நெஞ்சில் அடித்த மாதிரி இருக்கும். ஒடிந்த காலோடு எழுந்து நின்றவன் போகிறானே என்று இருக்கும். கழுத்தில் தொங்கும், தீய மந்திரம் ஏறிய லாக்கெட் அவனை எவ்வளவு அரித்திருக்க வேண்டும் என்று அதிலிருந்துதான் புரியும். அக்கா மகளைக் கேட்டேன், அந்தக் காட்சியைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்று. “போனா போறான்னு இருந்துச்சு மாமா” என்றாள்.

இப்போது எச்பிஓ தொலைக்காட்சி நிறுவனம் இதைத் தொடராக எடுக்கிறது, புது நடிகர்களோடு. 2023இல் அறிவித்தார்கள், ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்பது திட்டம். டம்பிள்டோராக ஜான் லித்கோ. அவர் அமைதியாகக் கேட்பாரா என்று ரசிகர்கள் இப்போதே பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் அவசரமில்லை. நான் காத்திருப்பது மூன்றாவது சீசனுக்கு. லூப்பின் வராத அந்த நாள், 394ஆம் பக்கம், ஸ்னேப் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கிறார், அவள் தலை குனிகிறாள். அடுத்த நொடி கேமரா யார் முகத்துக்குப் போகிறது என்று நானும் அக்கா மகளும் சேர்ந்து பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இப்போது அவள் நாலாம் புத்தகத்தில் இருக்கிறாள்.