கேசரியில் சர்க்கரை எப்போது விழ வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீட்டுக் காலை டிபனில் இலையில் முதலில் விழுவது கேசரிதான். பொங்கலும் வடையும் அப்புறம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஜ்ஜியோடு கொடுக்கிற சொஜ்ஜியும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. பாகுபதம் பார்க்க வேண்டாம், ஊறவைத்து அரைக்க வேண்டாம். அப்படியும் இதைக் கெடுக்கிறவர்கள் ஏராளம்.

கேட்டால் நெய் போதவில்லை என்பார்கள். சமையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், குற்றவாளி நெய் அல்ல; அவசரப்பட்டு விழுந்த சர்க்கரை. ரவைக்குள் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்பினால்தான் வேகும். பாதி வெந்த நேரத்தில் சர்க்கரையைக் கொட்டினால் அந்தத் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். பிறகு கை வலிக்கக் கிளறினாலும் ரவை நறநறவென்றுதான் இருக்கும்.

ஒரு டம்ளர் ரவை என்று வைத்துக்கொள்வோம். முந்திரி வறுத்தெடுத்த நெய்யிலேயே ரவையைச் சிறுதீயில் வறுக்க வேண்டும். மணம் வர வேண்டும், சிவக்கக் கூடாது. இரண்டரை டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கை ரவையைத் தூவ, மறு கை கிளற வேண்டும். அப்போதுதான் கட்டி தட்டாது. மூடிபோட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள். நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. புள்ளி மறைந்தபின் ஒன்றரை டம்ளர் சர்க்கரை. போட்டதும் எல்லாம் இளகி ஓடும். பயந்துபோய் மேலும் ரவையைத் தூவிவிடாதீர்கள். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் தானே சுருண்டு, ஓரம் ஒட்டாமல் வரும். ஏலக்காயைக் கடைசியில் போடுங்கள்.

சரி, நிறம்? கடையில் விற்கும் கேசரிப் பவுடர் செயற்கைச் சாயம். பண்டத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் சட்டப்படி உச்சவரம்பு. அதை எந்த வீட்டில் எடைபோட்டுப் போடுகிறார்கள்? பாலில் ஊறிய குங்குமப்பூ நாலு இழை போதும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கட்டும். மகாராஷ்டிரத்தில் சத்யநாராயண பூஜைக்கு ரவை, சர்க்கரை, நெய் மூன்றையும் ஒன்றேகால் பங்கு எடுத்து, பாலும் வாழைப்பழமும் சேர்த்துக் கிளறுகிறார்கள். அந்தப் பிரசாதத்துக்குச் சாயமே தேவைப்படுவதில்லை. கர்நாடகக்காரர்கள் அன்னாசித் துண்டு போடுவார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கும்.

மிச்சமான கேசரி ஆறினால் இறுகத்தான் செய்யும். சூடான பால் இரண்டு கரண்டி தெளித்து, மூடிவைத்துச் சிறுதீயில் சூடு காட்டுங்கள், மறுபடி இளகிவிடும்.