சைக்கிளுக்கு அனுமதி உண்டா? இங்கிலாந்தின் நெடும்பாதைகளில் பயணம் திட்டமிடுவது

[திரையில்: வரைபடம். ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் ஒரு கோடு இரண்டாகப் பிரிகிறது.]

இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சவுத் டவுன்ஸ் வே, தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகள் மேல் ஓடும் 160 கிலோமீட்டர் பாதை. வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடிகிறது. ஊர் நெருங்கும் நேரத்தில், ஆல்ஃபிரிஸ்டனில் பாதை இரண்டாகிறது. இரண்டுக்கும் பெயர் சவுத் டவுன்ஸ் வேதான். இரண்டிலும் தேசிய நெடும்பாதைகளுக்கான அதே ஓக் கொட்டைச் சின்னம்தான்.

ஒன்று ஆற்றோரமாக இறங்கி, செவன் சிஸ்டர்ஸ் என்ற கடலோர வெள்ளைப் பாறைகள் மேல் போகிறது. படங்களில் பார்த்து நாம் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அது நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளுக்கான வழி வின்டோவர் குன்றில் ஏறி, ஜெவிங்டன் கிராமம் வழியாகப் போகிறது. முதல் தடவை நான் திட்டம் போட்டபோது, பாறை விளிம்பு வழியாகத்தான் கோடு போட்டிருந்தேன். கிளம்புவதற்கு முந்தின இரவு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது.

[திரையில்: வயல் ஓரக் கம்பத்தில் மஞ்சள் அம்பு, பிறகு நீல அம்பு.]

நம் ஊரில் ஃபுட்பாத் என்றால் சாலையோர நடைமேடை. இங்கிலாந்தில் பப்ளிக் ஃபுட்பாத் என்றால் தனியார் வயல், காடு, மேய்ச்சல் நிலம் ஊடாகப் போகும் ஒற்றையடிப் பாதை. அதில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. மஞ்சள் அம்பு அதற்கு அடையாளம். நீல அம்பு பிரைடில்வே: ஆதியில் குதிரைக்கான பாதை. 1968இல் வந்த சட்டம்தான் அதில் சைக்கிளையும் அனுமதித்தது, இரண்டு நிபந்தனைகளோடு. நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம் வழிவிட வேண்டும். பாதையைச் சைக்கிளுக்கு ஏற்றபடி பராமரிக்கும் கடமை யாருக்கும் கிடையாது. இந்த இரண்டாவது நிபந்தனையை மறக்காதீர்கள், மழைக்காலச் சேற்றில் நினைவுக்கு வரும். ஊதா, சிவப்பு அம்புகள் பைவே, அதாவது வண்டித் தடம். அங்கேயும் ஓட்டலாம்.

வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போது அம்புகள் தெரியாது. அதற்கு பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடம். அதில் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள் என்றால் நடப்பவர் பாதை, நீளக் கோடுகள் என்றால் பிரைடில்வே. பெரிதாக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

[திரையில்: நீளப் பச்சைக் கோடுகள் நடுக்குன்றில் குட்டிக் கோடுகளாக மாறுகின்றன.]

இதோ, இதுதான் பலரையும் ஏமாற்றுகிற இடம். நன்றாக வந்துகொண்டிருக்கும் பிரைடில்வே, காரணமே இல்லாமல் குன்றின் நடுவில் ஃபுட்பாத் ஆகிவிடும். தரையில் பார்த்தால் அதே பாதைதான். என்ன ஆயிற்று? 1949 சட்டத்துக்குப் பிறகு, ஊர் ஊராகக் கணக்கெடுத்துத்தான் பாதைகளைப் பதிவு செய்தார்கள். ஓர் ஊர் குதிரைப் பாதை என்று எழுதியதைப் பக்கத்து ஊர் நடைபாதை என்று எழுதியிருக்கும். அந்த ஊர் எல்லைதான் இன்றைக்கும் உங்கள் பயணத்தை அறுக்கிறது. அதனால் பாதையின் பெயரை நம்பாமல், துண்டு துண்டாகப் பாருங்கள். வேறு யாரோ ஓட்டிப் பதிவேற்றிய ஜிபிஎக்ஸ் கோப்பும் (ஜிபிஎஸ் வழித்தடப் பதிவு) அத்தாட்சி ஆகாது. அவர் அங்கே ஓட்டினார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

தென் இங்கிலாந்தின் இன்னொரு நெடும்பாதையான ரிட்ஜ்வேயை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 139 கிலோமீட்டர். ஏவ்பரி பக்கத்தில் தொடங்கி தேம்ஸ் நதி வரை, மேற்குப் பாதி முழுக்க ஓட்டலாம். நதியைத் தாண்டியதும் கதை மாறுகிறது. கிரிம்ஸ் டிச் என்ற பழைய மண்கரை ஓரமாகப் போகும் பகுதி ஃபுட்பாத். வாட்லிங்டன் அருகே மறுபடியும் அகலமான, ஓட்டக்கூடிய தடம். அப்புறம் திரும்பவும் ஃபுட்பாத். நடுவில் வரும் துண்டுகளுக்குக் கிராமச் சாலையோ வேறு பிரைடில்வேயோ தேடிக் கோர்க்க வேண்டும். இந்த வேலைதான் அதிக நேரம் பிடிக்கும், ஆனால் எனக்கு இதுதான் பிடித்த வேலையும். அவ்வளவு பொறுமை இல்லையா? 2020இல் சைக்கிளிங் யூகே அமைப்பு வெளியிட்ட கிங் ஆல்ஃபிரட்ஸ் வே, 350 கிலோமீட்டர் வட்டப் பாதை, தயாராக இருக்கிறது.

"ஃபுட்பாத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமே?" என்று கேட்பீர்கள். சட்டத்தில் அதற்குத் தெளிவான விடை இல்லை. அதில் ஓட்டினால் பெரும்பாலும் குற்றம் ஆகாது, ஆனால் நிலத்துக்காரரிடம் அத்துமீறலாகும். எனக்குச் சட்டத்தைவிட வேறொன்று முக்கியம். இரண்டு புதர்வேலிக்கு நடுவே ஒருவர் மட்டும் நடக்கும் அகலம், முன்னால் நாயோடு ஒரு வயதானவர். பின்னால் சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவே மாட்டார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது. தவிர, ஃபுட்பாத்தில் வேலி தாண்ட மரப்படிகள் இருக்கும். மூட்டை கட்டிய சைக்கிளை ஒவ்வொரு படியிலும் தூக்கி இறக்கிப் பாருங்கள், நான்காவது படியில் தோள் சொல்லிவிடும்.

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2003 சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான பாதைகளில் சைக்கிளுக்கும் உரிமை உண்டு. வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற அங்குள்ள நெடும்பாதையிலும் ஓட்டலாம். ஆனால் லோமண்ட் ஏரிக்கரையில், ரோவர்டென்னனுக்கு வடக்கே, பாறையும் மரவேருமாக இருக்கிறது. சட்டம் விட்டாலும் தரை விடாது.

தினசரி தூரத்துக்கு வருவோம். சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டுபவர் இந்த மாதிரிப் பாதைகளில் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். சவுத் டவுன்ஸில் நிமிடத்துக்கொரு வேலிக்கதவைத் திறந்து மூடுவது போல இருக்கும், ஈரச் சுண்ணாம்பு சோப்பு மாதிரி வழுக்கும். மூன்று நாள் பாதைக்கு நான்கு நாள் போடுங்கள். ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்ன் சேர்ந்து, சைக்கிளை அறையில் வைத்துவிட்டு, அந்த நான்காவது நாள் செவன் சிஸ்டர்ஸ் மேல் நடந்து போகலாம்.