கபடிக் களத்தில் படர்தாமரை

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு கோவிலுக்குக் கொடைத் திருவிழா சாட்டிவிட்டால், வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் ஆள் சொல்லும்போதே மின்னொளிக் கபடிப் போட்டிக்கும் இளைஞர்கள் சுவரொட்டி ஒட்டிவிடுவார்கள். தேரிக்காட்டுச் செம்மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் விழுந்து புரண்டு பழகிய பிள்ளைகள் மாநில அணி வரைக்கும் போயிருக்கிறார்கள். மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன் கபடிக்காக அர்ஜுனா விருது பெற்றதை இந்தப் பகுதியில் அறியாதவர் குறைவு. இப்போது கபடியோடு ஜூடோ, மல்யுத்தம் ஆகியவற்றிலும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஆர்வத்தோடு சேர்கிறார்கள். தோல் மருத்துவராகப் பாளையங்கோட்டையில் பணிபுரியும் நான், இந்த ஆட்டங்களில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் தோல் நோய்களைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

என்னுடைய பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் போட்டிக்கு முதலுதவி மருத்துவராக என்னை அழைத்திருந்தார்கள். அரையிறுதி ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பையன் முன்கையில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு நின்றான். என்னவென்று கேட்டேன், சிராய்ப்பு என்றான். கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டியது என் கடமை. ஊரே களத்தைச் சுற்றி நின்றது, பிடிப்பதில் அந்த அணிக்கு அவனை விட்டால் ஆள் இல்லை, நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே அணியைச் சேர்ந்த நான்கு பேர் ஒன்றாக என்னிடம் வந்தார்கள். ஒருவனுக்குக் கழுத்தில், ஒருவனுக்குத் தோளில், மற்ற இருவருக்கும் முன்கையில் வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு பேருக்கும் படர்தாமரை. துணிக்கட்டோடு ஆடிய பையன் அவர்களுக்குப் பின்னால், உள்ளே வரத் தயங்கி, வாசலிலேயே நின்றான்.

அவன் பொய் சொன்னதற்கு நான் அவனைக் குறைகூற மாட்டேன். உண்மையைச் சொன்னால் ஆட்டத்தில் இடம் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். மருத்துவத்தில் படர்தாமரைக்குப் பூஞ்சை காரணம் என்று எழுதுகிறோம். ஓர் அணிக்குள் அது பரவுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அச்சமாகத்தான் இருக்கிறது.

பிடித்து ஆடும் ஆட்டங்களில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை மிகுதி என்று கேட்கலாம். கால்பந்தில் ஒருவர்மேல் ஒருவர் உரசுவது நொடிக்கணக்கில் முடிந்துவிடும். கபடியில் பாடி வருபவரை மூன்று நான்கு பேர் சேர்ந்து அமுக்கும்போது, வியர்வையில் ஊறி மென்மையான தோல் மற்றொரு தோலோடு அழுந்தித் தேய்கிறது. மணலும் பொடிக்கல்லும் முழங்காலிலும் முழங்கையிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகின்றன. வெட்டப்படாத நகம் இன்னும் ஆழமாகக் கீறுகிறது. கபடி விதிகளே நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஜூடோ விதியிலும் அதே கட்டளை உண்டு. இதோடு ஒரே துண்டில் ஐந்து பேர் முகம் துடைப்பதையும், காயாத பனியனை மறுநாளும் அணிவதையும், முழங்கால் உறையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதையும் சேர்த்துப் பாருங்கள். கிருமிக்கு வேறு வழி தேவைப்படாது.

படர்தாமரைப் பூஞ்சை தோலில் ஒட்டியதிலிருந்து புண்ணாகத் தெரிவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஆகும். முதலில் சிறிய பருப்போலத் தோன்றி, நடுப்பகுதி ஆற, ஓரம் மட்டும் வளையமாக விரிந்துகொண்டே போகும். தொடக்கத்திலேயே வந்தால் மருத்துவம் எளிது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர், மருந்துக்கடையில் வாங்கிய ஏதோ ஒரு களிம்பைப் பல வாரம் பூசிய பிறகுதான் வருகிறார்கள். அந்தக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பிள்ளை நோய் தீர்ந்தது என்று களத்துக்குப் போய்விடுவான். ஸ்டீராய்டு அடக்கியது உடலின் எதிர்ப்பைத்தான். பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகப் பொங்கி எழும். வளைய வடிவம் கலைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாதபடி உருமாறியும் இருக்கும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதைப்போல வரிகள் விழுந்துவிடுகின்றன. அந்த வரிகள் பிறகு மறைவதே இல்லை. இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதியை இறுக்கியது. இருந்தும் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பதுதான் நான் அன்றாடம் காண்பது, அது எனக்குத் தீராத வருத்தம்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்வரை இரண்டு மூன்று வாரத்தில் ஆறிய படர்தாமரை, இப்போது இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் திரும்பி வருகிறது. டெர்பினாஃபின் என்ற மாத்திரைக்கு அடங்காத ஒரு பூஞ்சை வகை நம் நாட்டில் பரவலாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு அதற்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்துப் பெயர் சூட்டினார்கள். 2023இல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்கள் பிள்ளைக்கும் கேட்கும் என்று எண்ண வேண்டாம். புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இருக்கிறதா என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். மருந்து தொடங்கினால், தோல் தெளிந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் பூச வேண்டும்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த இலைக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை உண்டு, சித்த மருத்துவத்தில் அதிலிருந்து களிம்பும் செய்கிறார்கள். அதை விரும்புகிறவர்கள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவமனைக்குப் போய் முறையாகக் கேட்டுப் பெறலாம். பச்சைப் பூண்டை மட்டும் தேய்க்காதீர்கள். அது தோலை வெந்துபோகச் செய்யும், வெந்த இடத்தில் வேறு கிருமி புகும்.

படர்தாமரை முகத்தில் வந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது பார்த்துவிடுவார்கள். தொடை இடுக்கிலும் இடுப்பு மடிப்பிலும் மார்பின் கீழும் வந்தால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. இறுக்கமான அரைக்காற்சட்டையும் வியர்வையும் சேரும் இடம் அதுதான். பெண் பிள்ளைகள் தாயிடம்கூடச் சொல்லாமல் அண்ணன் அறையிலிருந்து களிம்பை எடுத்துப் பூசியதை நான் அறிவேன். பெண்கள் அணி இருக்கும் பள்ளியில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆசிரியை கட்டாயம் இருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் ஆணாக இருந்தால், வேறு பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவரிடமாவது அந்தப் பொறுப்பைத் தரலாம்.

அடுத்தது வைரஸ். உதட்டோரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வருமே, அதே ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ் மல்யுத்த வீரர்களுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் வருகிறது. முகத்தோடு முகம் வைத்து அழுத்தும் பிடிகளில்தான் இது மிகவும் தொற்றும். 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஒரு மல்யுத்தப் பயிற்சி முகாமில் 175 பேரில் 60 பேருக்கு இது கண்டது. உடலில் புண் இருந்தவரோடு மோதியவர்களுக்கே தொற்று மிகுதி என்று விசாரணையில் தெரிந்தது. 2007இல் அதே மாநிலத்தில் பள்ளி மல்யுத்தத்தையே எட்டு நாள் நிறுத்திவைத்தார்கள்.

நம் ஊரில் நீர்க்கொப்புளம் கொத்தாகக் கண்டாலே அக்கி என்று சொல்லி, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் அழைத்துப்போய்க் காவியால் அக்கி எழுதுவது வழக்கம். நாம் பெரும்பாலும் அக்கி என்று சொல்வது சின்னம்மை வைரஸ் மீண்டும் தலைதூக்குவதால் வருவது. மல்யுத்தத்தில் தொற்றுவது அதற்கு உறவான வேறொரு வைரஸ். காவியின் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம், அந்த நம்பிக்கையை நான் இகழவில்லை. ஆனால் வைரஸைக் காவி தடுக்காது, கொப்புளத்தை மூடி மறைத்துவிடும். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். அந்த நாட்களை இழந்துவிடக் கூடாது. கண்ணருகே கொப்புளம் வந்தாலோ, கண் சிவந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனெனில் கருவிழியில் புண்ணானால் பார்வையே மங்கலாம். ஒருமுறை வந்த வைரஸ் நரம்பின் முடிச்சில் வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கும் என்பதால், களைத்த காலங்களில் அது மீண்டும் வரலாம் என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

“டாக்டரம்மா, இது வெறும் சூட்டுக் கட்டிதான், ரெண்டு இளநீ குடிச்சா சரியாப் போவும்” என்று எத்தனையோ தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சீழ்க்கட்டிக்குக் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இளநீர் உடலுக்கு நல்லது, கட்டியின் கிருமி அதற்கு அடங்காது. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத வகையும் அதில் உண்டு. 2003இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கையில் மல்யுத்த வீரர்களிடம் அது பரவியது பதிவாகியிருக்கிறது. கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், மூக்கையும் மேலுதட்டையும் சுற்றி வந்ததைத் தொடவே தொடாதீர்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலும் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தேன்நிறப் பொருக்கோடு முகத்தில் வரும் சீழ்ப்புண்ணையும் குழந்தைச் சிரங்கு என்று விட்டுவிட வேண்டாம். சில சமயம் அதைத் தொடர்ந்து சிறுநீரகம் வீங்குவதுண்டு.

சொறி சிரங்கு, பாலுண்ணி, மரு ஆகியவையும் இப்படித் தொற்றுபவைதாம். சொறிக்கு மட்டும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

எத்தனை நாள் ஆட்டத்தை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதே பயிற்சியாளர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. அமெரிக்க மல்யுத்தத்தில் தோலில் வரும் படர்தாமரைக்கு மருந்து தொடங்கி 72 மணி நேரம், சீழ்ப்புண்ணுக்கு ஆன்டிபயாடிக் 72 மணி நேரமும் கடைசி 48 மணி நேரத்தில் புதிய புண் வராமல் இருப்பதும், மீண்டும் வரும் ஹெர்பிசுக்கு மாத்திரை 120 மணி நேரமும் பொருக்கு நன்கு உலர்ந்திருப்பதும் என்று வரையறுத்திருக்கிறார்கள். முதன்முறை வரும் ஹெர்பிசுக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். நம் ஊரில் பரவியிருக்கும் பூஞ்சைக்கு 72 மணி நேரம் போதாது என்பது என் கருத்து. ஓரத்துத் தடிப்பும் செதிலும் அடங்கியதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பிடிக்க விடுங்கள். ஈரம் கசியும் புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு ஆட அனுமதிப்பது, நான் செய்த அதே பிழை.

விலகியிருக்கும் நாட்களில் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தனியே ஓடட்டும், தண்டால் எடுக்கட்டும், பாடிச் செல்லும் கால்வரிசையை ஒருவரும் தொடாமல் பழகட்டும், போட்டியன்று வெளியே அமர்ந்து புள்ளி எழுதட்டும். ஆறியதும் உன் இடம் உனக்குத்தான் என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். அப்போதுதான் அடுத்தவன் துணிக்கட்டுக்குள் ஒளிக்க மாட்டான். ஒவ்வொரு மாலையும் பயிற்சிக்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே, வரிசையில் நிறுத்தி முகம், கழுத்து, கைகள், முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். பன்னிரண்டு பேருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பயிற்சியாளர் தம் கையை முதலில் காட்டினால் பிள்ளைகளுக்குக் கூச்சம் குறையும்.

மேட் விரித்து ஆடுகிறவர்கள் அதை நாள்தோறும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு கடையில் கிடைக்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 99 பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைத்து உலரவிட வேண்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள்; கழிவறை கழுவும் அமிலத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுக்காற்று எழும். ஆட்டம் முடிந்ததும் வீடு போகும்வரை காத்திராமல் சாதாரண சோப்புப் போட்டுக் குளித்து, கால்விரல் இடுக்கையும் தொடை இடுக்கையும் ஈரமின்றித் துடைத்து, துவைத்த ஆடை அணிய வேண்டும். ஆளுக்கொரு துண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாதபோது, மறுநாளைக்கு இன்னொரு பனியன் வாங்கிக் கொடுப்பது மருந்துச் செலவைவிடக் குறைவுதான்.

சந்தேகமான புண் எதுவானாலும் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது, இதுவரை பூசிய களிம்பின் குழாயை, திட்டுவார்களோ என்று வீட்டில் ஒளித்துவைத்துவிடாமல், தீர்ந்துபோனதாக இருந்தாலும் கையோடு எடுத்து வாருங்கள். அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்தால், எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும் என்பதை நாங்கள் அன்றே முடிவு செய்ய முடியும்.

நன்றி, வணக்கம்.